இடம் நிரம்பிவிட்டது

ஜனவரி 9

தம்பிக்கு,

நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். போன கடிதத்தில் இருமல் என்று எழுதினாய், அப்புறம் இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. இருமிக்கொண்டே எழுதலாமே ஐயா, கை சும்மாதானே இருக்கிறது? எனக்கு ஒரு குறைவுமில்லை. காதுக்கருவியைப் புதிதாக மாற்றினேன். அதைப் போட்டுக்கொண்டு போனில் பேசினாலும் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. ஆகவே நமக்குக் கடிதம்தான் கதி. போனில் எழுத்துத் தட்டக் கற்றுக்கொள் என்று பாடம் எடுக்காதே. நாள் முழுக்கக் கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கிறேன். வீட்டுக்கு வந்து இன்னொரு கண்ணாடியைத் தேய்க்க என்னால் ஆகாது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் தொண்டைக் கரகரப்பு வெறும் கரகரப்பு இல்லை. புற்று. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். ஏப்ரல் பதினாறாம் தேதி ஆபரேஷன். அதற்கப்புறம் அப்பாவால் பேச முடியாது. நான் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "அப்படின்னா அதுக்கு முன்னாடி எங்க ஷிப்ட் ஆளுங்களை ஒருதரம் கூப்பிடணும்" என்றார்.

பாட்டில் கம்பெனியில் அப்பா சூப்பர்வைசராக இருந்தபோது விசில்காரர் கை மெஷினில் போனதே, உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பதினாறு வயது. மெஷின் இரைச்சலுக்கு மேலே விசிலடித்துப் பாடுவாரே, அவர்தான். கை உள்ளே போகாமல் தடுக்கிற மறைப்புத் தகட்டை அவரே கழற்றினார், அதனால்தான் கை போனது என்று சொல்லி கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. "சூப்பர்வைசர்தான் கழட்டச் சொன்னாரு" என்று சாட்சி சொன்ன பதினோரு பேரையும் அனுப்பியது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. கழற்றச் சொன்னதும் அப்பாதானாம். உற்பத்தி வேகமாக ஓட வேண்டும் என்று. இருபத்துநாலு வருஷம் கழித்து நேற்று, நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக் குடுங்கப்பா, தபால்ல அனுப்பிடலாம்" என்றேன்.

"எழுதினதுதாம்மா பொய். கையெழுத்துப் போட்டுத்தான் ஒருத்தன் பொழப்பைக் கெடுத்தேன். இதை வாயால சொல்லணும். அத்தனை பேரும் உக்காந்திருக்கணும், அவனும் இருக்கணும்."

நீ அங்கே பெரிய மாநாடுகளுக்கெல்லாம் ஆள் கூப்பிட்டுப் பதிவு செய்து கழுத்தில் அட்டை மாட்டி அனுப்புகிற வேலைதானே பார்க்கிறாய்? இதைச் செய்து கொடு. அப்பாவுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் இப்போது வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். என் இருமல் போய்விட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பாவுக்கு வலி இருக்கிறதா? முழுங்க முடிகிறதா? நீ தூங்குகிறாயா?

விசில்காரர் தெருப் பையன்கள் அப்போது என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு என்று நான் இரண்டு பேரோடு அடித்துக்கொண்டு வந்தேன்.

செய்து தருகிறேன். இதைவிட எனக்கு வேறென்ன தெரியும்? இணையத்தில் நமக்கென்று ஒரு பக்கம் திறப்பேன். அழைப்பு அதில் இருக்கும். அதன் சுட்டி எல்லோருடைய போனுக்கும் போகும். பெயரை எழுதி 'வருகிறேன்' அல்லது 'வரவில்லை' என்று ஒரு தட்டு தட்டினால் போதும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதக் கீழே ஒரு கட்டம் உண்டு. எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் பக்கத்தின் தலையில் எல்லோருக்கும் தெரியும். பெயர்களும் குறிப்புகளும் என் கண்ணுக்கு மட்டும்தான்.

அறையில் எத்தனை நாற்காலி என்று சொல். அத்தனை பேர் சேர்ந்ததும் அது தானாகவே மூடிக்கொள்ளும். பிறகு வருகிறவர்களைக் காத்திருக்கும் வரிசையில் வைக்கும். யாராவது விலகினால் வரிசையில் முதலில் நிற்பவருக்கு 'உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது' என்று அதுவே செய்தி அனுப்பிவிடும். நாம் கை வைக்கவே வேண்டாம்.

அப்பாவிடம் நான் செய்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் சொல். வேண்டாமென்றால் விடு. மருந்தை மறக்காமல் கொடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் தூங்குகிறேன், அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன், நீ தூங்கு. அப்பா கஞ்சியும் பாலும்தான். வலி இருக்கிறதா என்று கேட்டால் கையை ஆட்டுகிறார்.

அவரிடம் சொன்னேன். "அவனுக்கு லீவு இருக்காதே" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது நீளமான பேச்சு என்று எடுத்துக்கொள்.

நூலகத்து மாடி அறையைப் பேசிவிட்டேன். ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை காலை பத்து மணி. நாற்காலி நாற்பது. "நாற்பத்தோராவது ஆள் வந்தா நான் கதவைச் சாத்திடுவேன்" என்று நூலகர் விரலைக் காட்டிச் சொன்னார். என்னமோ ஊரே திரண்டு வரப்போகிற மாதிரி.

இத்துடன் பெயர்ப்பட்டியல். ஐம்பத்தெட்டுப் பேர். அப்பா ஒரு தாளையும் பார்க்காமல் சொன்னார், எந்த மெஷினில் யார் நின்றார்கள் என்ற வரிசையிலேயே. தினமும் வருகைப் பதிவு எடுத்த வாய். நான் எழுதிக் கை சலித்தேன். விசில்காரர் பேரைக் கடைசியில் சொன்னார். அதற்கு முன் தண்ணீர் கேட்டார்.

கீழே மருந்துக்கடைப் பெண் இருக்கிறாளே, அவள் போனில் உன் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டினாள். அழகாகத்தான் இருக்கிறது. தலையில் பெரிதாக ஒரு பூஜ்யம். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை, அதனால்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் இறங்கிப்போய் அவளிடம் எண்ணைப் பார்த்துவிட்டு வருவேன் என்கிறார். படியில் அவர் இறங்கும்போது நானும் பின்னாலேயே இறங்குகிறேன். சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குக் கஞ்சி இறங்குகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆறு பேர் காலமாகிவிட்டார்கள், மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை. பெரும்பாலும் பிள்ளைகள் வழியாகத்தான் எண் கிடைத்தது. அழைப்பு பத்தாம் தேதியே போய்விட்டது. விசில்காரருடைய மகள் எண்ணும் கிடைத்தது.

ஒன்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். நீ இதைப் படிக்கும்போது இன்னும் கூடியிருக்கும். இந்த மாதிரி விஷயத்தில் முதல் பத்து வருவதுதான் கஷ்டம், அப்புறம் தானாக வரும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இங்கே வேலை நெருக்கடி. ஒரு மாநாட்டுக்கு இரண்டாயிரம் அட்டை அடிக்க வேண்டும். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். நீ வெயிலில் அலையாதே.

உன் தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று இந்த ஒரு தடவை பொய் கலக்காமல் எழுதுகிறேன்.

எண் ஒன்பது ஆன அன்றைக்கு அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும்! மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்து என் முன்னால் ஒன்பது விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி. பதினாறு ஆனபோது கஞ்சியை இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார். நேற்று இருபத்திரண்டு. என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி: "பையன் வேலை தெரிஞ்சவன். நான் அவனை அப்படி நினைக்கலை." எனக்கு அழுகை வந்து, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பேச்சைக் குறைத்துவிட்டார். நாளைக்கு நூறு வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், இவர் இருபதோடு நிறுத்திக்கொள்கிறார். மிச்சத்தை அன்றைக்கென்று சேர்த்து வைக்கிறாராம். வீட்டில் ஒருத்தர் பேசமாட்டார், இன்னொருத்திக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்களைப் போல் நல்ல குடும்பம் கிடைக்காது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் தினமும் கேட்கிறார். விசில்காரர் வருகிறாரா? அந்த இருபத்திரண்டில் அவர் உண்டா? மற்றவர் யார் யார் என்றும் எழுது. நாற்காலியில் வைக்கப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும்.

உன் அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

முப்பத்தொரு பேர். பட்டியல் பின்பக்கத்தில். விசில்காரர் வருகிறார்.

அப்பா சொன்னதை எழுதினாயே, அந்த வரியை நான் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வேறொன்றுமில்லை.

உன் தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

என்னடா இது கடிதமா தந்தியா? உடம்பு சரியில்லை என்றால் எழுது. வேலை அதிகம் என்றால் அதையாவது எழுது.

விசில்காரர் பேரைப் பட்டியலில் நான் விரல் வைத்துக் காட்டினேன். அப்பா என் விரலை நகர்த்திவிட்டுத் தானே படித்தார். அன்று சாயங்காலம் முடி வெட்டிக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்றேன், "பழகட்டும்" என்றார்.

பேசப்போவதைப் பழகவும் செய்கிறார். குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்து. எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் குளியலறைக் கதவருகே நின்று முழுசாகப் பார்த்தேன். ஐந்து வாக்கியம். "மறைப்பைக் கழட்டச் சொன்னது நான். அவன் இல்லை. பொய்யா எழுதினது நான். சாட்சி சொன்னவங்க சொன்னதுதான் நெஜம். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. கேட்கத் தெரியவில்லையா, கேட்க உரிமை இல்லை என்று நினைக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை மருந்துக்கடைப் பெண் மேலேயே ஓடி வந்தாள். நாற்பது! 'இடம் நிரம்பிவிட்டது' என்று போட்டிருக்கிறதாம். அப்பா அவள் தலையில் கை வைத்தார். ஒன்பது சீட்டு எழுத மிச்சம், அந்தப் பெயர்களை உடனே அனுப்பு.

ஒன்று கேட்க வேண்டும். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது என்றாயே, இத்தனை பேரில் ஒருத்தர்கூட ஒன்றும் எழுதவில்லையா? திட்டியாவது எழுதியிருப்பார்களே. நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரிய வேண்டும்.

நீயும் வாயேன். இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. அவர் குரலைக் கேட்க இதுதான் கடைசி.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ நலமா என்று இன்றைக்கு நான் கேட்கவில்லை. என் கடைசிக் கடிதத்துக்குப் பதிலும் இல்லை, பெயரும் இல்லை, நீயும் இல்லை.

யாரும் வரவில்லை.

ஒன்பதரைக்கே போய்விட்டோம். முப்பத்தொரு சீட்டை அப்பா தானே நாற்காலிகளில் வைத்தார், மெஷின் வரிசைப்படி. விசில்காரரை முன் வரிசையில் நடுவில். பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. படியில் காலடி கேட்கிறதா என்று என்னைப் பார்க்கிறார், என்னை! அப்புறம் எழுந்துபோய்த் தானே கதவைத் திறந்து வைத்தார்.

பத்தரைக்கு ஒரே ஒரு ஆள் வந்தாள், கம்பெனி கேன்டீனில் டீ ஊற்றின அம்மா. அவளுக்குப் போனும் கிடையாது, உன் பக்கமும் கிடையாது. நூலகத்துக்குப் பின்னால் குடியிருக்கிறாள் என்று நான்தான் வாயால் சொல்லி வைத்திருந்தேன். உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்ந்து பேசி வெச்சுக்கிட்டு வராம இருந்துட்டாங்க போல சார்" என்றாள். நல்ல மனசு, வாய்தான் அப்படி. "நீங்க சொல்றதை என்கிட்டயாவது சொல்லுங்க, நான் போய்ச் சொல்றேன்" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். திறந்து மூடிக்கொண்டார். "அவன் கை போன அன்னைக்கு நீ லீவும்மா" என்றார். இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த குரலில் அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு நூலகர் வந்து சாவியை ஆட்டினார். அப்பா சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

நாற்பது பேர் வருகிறேன் என்று எழுதிவிட்டு ஒருத்தர்கூட வராமல் இருப்பார்களா? அப்படி ஒரு வன்மமா? அப்பா என்ன நினைக்கிறார் தெரியுமா? அதுதான் அவர்களுடைய பதில் என்று. வருகிறேன் என்று சொல்லி அவரை உட்கார வைத்து, வராமல் போய்ப் பழி தீர்த்தார்கள் என்று. "சரிதான்" என்று உதட்டை அசைத்தார், வரும் வழியில், இரண்டு தடவை.

நாளை மறுநாள் ஆபரேஷன். தயவுசெய்து பதில் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

ஆபரேஷன் எப்படி நடந்தது என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அந்த நாற்பதும் நான் போட்டது.

யாருமே பதிவு செய்யவில்லை அக்கா. முதல் வாரம் ஒருத்தரும் இல்லை. எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எந்த நிகழ்ச்சிக்கும் பூஜ்யத்தைக் காட்டக் கூடாது. முதல் பத்துப் பெயரை நாங்களே போடுவோம், பொம்மைப் பெயர் என்போம். அதைப் பார்த்து நிஜ ஆட்கள் வருவார்கள், வர வர பொம்மையை எடுத்துவிடுவோம். அப்படித்தான் அப்பாவின் பட்டியலிலிருந்தே ஒன்பது பேரைப் போட்டேன். எடுத்துவிடலாம் என்றுதான் போட்டேன். நீ எழுதினாய், ஒன்பது விரலைக் காட்டினார், கஞ்சி இரண்டாம் தடவை குடித்தார் என்று. என்னை வேலை தெரிந்தவன் என்றார் என்று. அதற்கப்புறம் என்னால் குறைக்க முடியவில்லை. தினமும் காலையில் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக இரண்டு மூன்று பெயர் போடுவேன். விசில்காரரையும் நான்தான் போட்டேன்.

குறிப்புக் கட்டத்தைப் பற்றிக் கேட்டாய். 'வரவில்லை' என்று ஏழு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருத்தர், "செத்தா சொல்லி அனுப்புங்க, அப்ப வர்றேன்" என்று எழுதியிருந்தார். மற்றதை எழுத என் கை வராது.

நாற்பது ஆனதும் நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டேன். பார்க்கக் கூசியது. மருந்துக்கடைப் பெண் எண்ணுக்கு மூன்று தடவை உண்மையைத் தட்டிவிட்டு அழித்தேன். எப்படியும் சிலர் நேரில் வந்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அப்புறம்தான் பக்கத்தைத் திறந்தேன்.

காத்திருக்கும் வரிசையில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள் அக்கா.

விசில்காரரும், சாட்சி சொன்ன பதினோரு பேரும். ஏப்ரல் மூன்றாம் தேதி, ஒரே மணி நேரத்துக்குள். எல்லோரும் ஒரு வீட்டில் கூடிப் பேசி, போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு பேருக்கும் 'மன்னிக்கவும், இடம் நிரம்பிவிட்டது' என்று பதில் போயிருக்கிறது. அந்தப் பதிலின் வாசகம் நான் எழுதியது. விசில்காரர் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்: "நாற்காலி வேண்டாம். நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்."

நாற்பது பெயரையும் நேற்று மத்தியானமே அழித்துவிட்டேன். இனிமேல் அதனால் யாருக்கும் தொந்தரவு வராது.

அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. பத்து நாளாக நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிக்காமல் முடித்தால் அனுப்புவேன்.

அப்பா உயிரோடு இருக்கிறார். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை. பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தால் விசில்காரர் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, காலியான வலது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறது. நூலகத்துக்குப் போயிருக்கிறார், நூலகர் நம் வீட்டைக் காட்டியிருக்கிறார். என்ன ஏது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துக் காட்டினார். 'மகிழ்ச்சி! உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி, நூலக மாடி.' நீ நாற்பது பெயரை அழித்தாய் அல்லவா, உன் பக்கம் அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. வரிசையில் நின்ற பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டது. தேதியைப் போட மறந்திருக்கிறாய்.

"மத்தவங்க போகாதேன்னாங்க. அன்னைக்கு இடமில்லன்னான், இப்ப வான்னு கூப்பிடறான், ரெண்டாந்தரமும் கேலி பண்றான்னாங்க. நான்தான் பரவாயில்லன்னு வந்தேன்" என்றார்.

உள்ளே கூட்டிப் போனேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசில்காரர் உட்காரவில்லை. "வரச் சொன்னீங்க. வந்துட்டேன். சொல்லுங்க" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அந்த ஐந்து வாக்கியமும் அவர் உதட்டில் வந்தது, ஒரு வார்த்தை பிசகாமல், முதலிலிருந்து கடைசி வரை. நான் படித்தேன். குழாயில் காற்று மட்டும் வந்தது. விசில்காரர் குனிந்து பார்த்தார், துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் தம்பி, அப்பா சொல்வதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். கழற்றச் சொன்னது அப்பாதான், எழுதியது பொய் என்று.

"அது எனக்குத் தெரியாதாம்மா? என் கைதானே போச்சு. இவர் வாயால கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார்.

அப்பா தாள் கேட்டார். எழுத மாட்டேன் என்றவர், ஒரு பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார். விசில்காரர் வாங்கவில்லை. "இவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதை ஒருதடவை படிச்சாச்சு. போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எனக்கு இடமில்லாம உக்காந்தாங்களே நாப்பது பேரு, அது யாரும்மா?" யாருமே வரவில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப எதுக்கு இடமில்லன்னீங்க?" என்றார். எனக்கும் தெரியாது, என்னவென்று சொல்வேன்? படி இறங்கிப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்து அதற்குப் பதிலைச் சொன்னது. நான் இப்போது போய் அவர் கதவைத் தட்டி, உங்கள் நாற்காலியில் உங்கள் பெயரையே என் தம்பி உட்கார வைத்துவிட்டான், அதனால்தான் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லவா? சொல்லவும் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மகள் கதவைப் பாதி திறந்து, "அப்பாவை இனிமே விட்டுடுங்க" என்றாள். கெஞ்சினேன். சாத்திவிட்டாள்.

உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று எழுத முடியவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பன்னிரண்டு பேர் வந்திருப்பார்கள். அவருக்கு அந்தப் பன்னிரண்டு பேர் போதும். நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அப்பாவிடம் சொல்லவில்லை. நாற்பது பேர் பேசிவைத்துக்கொண்டு தன்னைத் தண்டித்தார்கள் என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த நாற்பது பேரும் பழி தீர்க்காதவர்களாக அவருக்குத் திரும்பிவிடுவார்கள், நீ அவருக்கு இல்லாமல் போய்விடுவாய். எதைப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தைக் கடையில், லென்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று மருந்து கொடுக்கும்போது ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். உனக்குத்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து சரியாகத் தெரியாது, அதனால் நானும் எழுதிவிடுகிறேன்: "பையனுக்கு எழுது. அவன் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வராததற்கு அவன் மனசை வருத்திக்கொள்ள வேண்டாம்."

இதற்குப் பதில் எழுதாதே. உன் கடிதம் வந்தால் அவர் கையை நீட்டுவார், நான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அக்கா